அமரர் ஊர்தியில் நான் போனது உண்மைதான்

பிளம் ரிட்ஜ், கென்டக்கி
செவ்வாய்க்கிழமை காலை

அன்பு மகள் லியானுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் ஒலீட்டா அத்தையும் சுகம். அங்கே யூமாவில் நீ, மாப்பிள்ளை ரமீரோ, பேத்தி இசெலா எல்லாரும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். என் உடம்பில் இருக்கவேண்டிய எலும்பெல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதிக் கடிதத்தில் நிறுத்திவிட்டு நீ வீட்டுத் தரகருக்குப் போன் போடுவாய் என்று எனக்குத் தெரியும்.

நீ இரண்டு விஷயம் கேள்விப்பட்டிருக்கிறாய். ஒன்று, தீயணைப்பு நிலையத்து மேட்டிலிருந்து நான் உட்கார்ந்த வாக்கில் வழுக்கிக்கொண்டு போகிற வீடியோ. இரண்டாவது, டப் கிரென்ஷாவின் அமரர் ஊர்தியில் என்னைப் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள் என்று எதிர்வீட்டு மிஸஸ் லாஃபூன் உனக்குச் சொன்ன செய்தி. இரண்டும் உண்மைதான். ஆனால் நீ நினைக்கிற மாதிரி இல்லை. போனில் விளக்கலாமென்றால் "அப்பா, போதும்ப்பா" என்று நடுவில் விழுகிறாய். கடிதத்துக்கு நடுவில் யாரும் விழ முடியாது. போன கிறிஸ்துமஸுக்கு நீ சொன்னது என் காதிலேயே இருக்கிறது: "இன்னும் ஒரே ஒரு தடவை ஏதாவது ஆச்சுன்னு வைங்க, அந்த வீட்டை வித்துட்டு உங்களை யூமாவுக்குத் தூக்கிட்டு வந்துருவேன்." சரி. நடந்ததை முழுக்கப் படித்தால் இது அந்த 'ஏதாவது' கணக்கில் சேராது என்று நீயே ஒத்துக்கொள்வாய். இன்னும் சொல்லப்போனால் இதில் பெரும்பங்கு உன் தலையில்தான் வந்து விடிகிறது. பொறுமையாகப் படி.

எங்கள் வானிலைக் கூட்டத்தில் மூன்று பேர்தான். ஊருக்கு முடிவெட்டி ஓய்வுபெற்ற நான். இறுதிச்சடங்கு நிலையம் நடத்தும் டப். உன்னையெல்லாம் பள்ளிக்கூடப் பேருந்தில் ஏற்றி இறக்கிய மார்வெல்லா ஸ்டோக்ஸ். நாங்கள் கூடுவது டப்பின் நிலையத்துப் பின்னறையில். அங்கே இணையம் வேகம், காபி நன்றாக இருக்கும், முன்னறையில் படுத்திருப்பவர்கள் எங்கள் சத்தம் ஜாஸ்தி என்று குறை சொல்வதில்லை. வானிலையைக் கணிக்கிற கணினி மாடல்கள் ஒரு நாளைக்கு நாலு தடவை புதுப் படம் போடும், குளிர்காலம் முழுக்க நாங்களும் நாலு தடவை கூடுவோம். எனக்கு ஐரோப்பிய மாடல்தான். நிதானமானது, யோசித்துத்தான் வாயைத் திறக்கும். டப் அமெரிக்க மாடலை விட்டுக்கொடுக்க மாட்டான். அது வாரத்துக்கொரு தடவை உலகத்தை முடித்துவைத்தாலும் "நம்ம புள்ளடா அது" என்பான். மார்வெல்லாவுக்குக் கனடா மாடல். "குளிரைப் பத்தி அவங்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுபோச்சாக்கும்" என்பாள். எங்களுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. ஐந்து நாளுக்கு அப்பால் இருக்கிற படத்தை எவன் நம்பிப் பேசுகிறானோ, அவன் ஒரு வாரம் முழுக்க டப்பின் ஊர்தி ஓட்டுநர் போடுகிற கறுப்புத் தொப்பியோடு ஊருக்குள் நடமாட வேண்டும். பத்து நாள் தள்ளி மாடல் காட்டுவது வானிலை இல்லை, அதன் ஆசை. இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவனே நான்தான் என்பதை மனதில் வைத்துக்கொள், என் புத்தி எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதற்கு அது அத்தாட்சி.

போன வாரம் மூன்று மாடலும் சனிக்கிழமைக்கு எதையோ காட்ட ஆரம்பித்தன. அமெரிக்க மாடல் முழங்காலளவு பனி என்றது. கனடா மாடல் ஐஸ் மழை என்றது, மரம் முறியும், மின்கம்பம் சாயும், ஊரே இருட்டில் கிடக்கும் என்றது. என் ஐரோப்பிய மாடல் மட்டும், சும்மா மழைதான், போய் அவரவர் வேலையைப் பாருங்கள் என்றது. எல்லாம் ஒரு டிகிரி விவகாரம். ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், நீ காதில் வாங்கியதில்லை, ஆயிரத்தோராவது தடவையாகக் கேட்டுக்கொள்: தரையோரம் தண்ணீர் உறைகிற முப்பத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் மழை மழையாகவே ஓடிவிடும், கொஞ்சம் கீழே இறங்கினால் அதே மழை தொட்ட இடத்தில் எல்லாம் ஐஸாக ஒட்டிக்கொள்ளும், அப்புறம் கிளை தாங்காது, கம்பி தாங்காது.

"முழங்கால் அளவு விழும் பாருங்க," என்றான் டப்.

"போன மாசமும் இப்படித்தானே சொன்னே," என்றாள் மார்வெல்லா. "உன் மாடலை நம்பி பனியில வழுக்காம இருக்க ஊர்தி சக்கரத்துக்குச் சங்கிலி வேற மாட்டினே. சுள்ளுனு வெயில். பாவம் ஹோமர் பெரியவரு, கல்லறை வரைக்கும் ஜல் ஜல்னு போனாரு."

"அவரு ஒண்ணும் சொல்லலையே."

"வெண்டெல், நீ என்னப்பா சொல்றே?"

"மழை," என்றேன். "வெறும் மழை. குடை இருந்தா போதும்."

இது எங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கும்வரை யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் சனிக்கிழமை மத்தியானம் தீயணைப்பு நிலையத்தில் வருஷாவருஷம் போடுகிற சில்லி விருந்து. தீயணைக்கப் புதுக் குழாய் வாங்கப் பணம் சேர்க்க ஊர் மொத்தமும் வந்து சில்லிக் குழம்பும் வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியும் சாப்பிடுகிற நாள். தீயணைப்புத் தலைவர் பர்டெட் என்னைக் கூப்பிட்டு, "வெண்டெல் அண்ணே, தொலைக்காட்சியில ஆளுக்கொண்ணு சொல்றான். உங்க கொல்லையில கருவி இருக்கு, எங்களுக்கு அதுதான் கணக்கு. சனிக்கிழமை காலையில நீங்க சொல்றதை வச்சு நடத்துறதா நிறுத்துறதான்னு முடிவு பண்றேன்" என்றார். நாற்பது வருஷம் அந்த ஆளுக்கு முடிவெட்டியிருக்கிறேன், ஒரு தடவைகூட என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லாமல் தலையாட்டியதில்லை. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துப் பார்.

இப்போது உன் பங்குக்கு வருகிறேன். என் வானிலைக் கருவி எங்கே இருந்தது? கொல்லை நடுவில், உயரக் கம்பத்தில், எல்லாக் காற்றும் படுகிற இடத்தில், ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. போன அக்டோபரில் அதைத் துடைக்க ஏணியில் ஏறி, இறங்கும்போது கடைசிப் படி எங்கே என்று எனக்கும் ஏணிக்கும் கருத்து வேறுபாடு வந்தது. உடனே நீ, "இனிமே ஏணிப் பக்கம் போகமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்றாய். பண்ணினேன். கருவியைக் கம்பத்திலிருந்து இறக்கி, கைக்கு எட்டுகிற மாதிரி பின்சுவரில், படிக்கட்டுப் பக்கத்தில் மாட்டினேன். அந்தச் சுவரில் துணி உலர்த்துகிற டிரையரின் சூடான காற்று வெளியே வருகிற குழாய் இருக்கிறது. அது எனக்கு நினைவே வரவில்லை. உன் அம்மா போனதிலிருந்து நான் அந்த டிரையரைத் தொட்டதில்லை, துணியை எடுத்துக்கொண்டு கடைத்தெரு சலவை நிலையத்துக்குத்தான் போகிறேன். ஏன் என்று கேட்காதே. முடியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது உன் இரண்டாவது பங்கு. புயல் வருகிறது என்றதும் எனக்குக் காவலாக என் அக்காவை அனுப்பிவைத்தாய். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒலீட்டா அக்கா பெட்டியோடு வந்து இறங்கினாள், வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், மூக்கைச் சுருக்கினாள். "கரண்டு போயிரும்டா வெண்டெல். போறதுக்குள்ள இந்த வீட்டுல இருக்கிற துணி பூரா துவைச்சு எடுத்துரணும். இதென்ன திரைச்சீலையா, தரைத்துணியா?"

"கரண்டு எங்கேயும் போகாதுக்கா. வெறும் மழைதான்."

"உன் மழையை நீ பாத்துக்கோ. சாக்ஸைக் கழட்டு."

சனிக்கிழமை காலை எழுந்து கருவியைப் பார்த்தால் முப்பத்தாறு டிகிரி. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. காபி போட்டுவிட்டு வந்து பார்த்தால் முப்பத்தெட்டு. கொஞ்ச நேரத்தில் முப்பத்து நாலுக்கு இறங்கியது, மறுபடி ஏறியது, மறுபடி இறங்கியது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. தெற்கே வளைகுடாவிலிருந்து வெப்பக்காற்று அலை அலையாக வந்து மேட்டில் மோதுகிறது என்று முடிவுகட்டினேன். எங்களைப் போன்ற வானிலைப் பைத்தியங்களின் இணையக் குழுவில் படத்தோடு போட்டேன். அவ்வளவுதான், மிசோரியில் ஒருவர், டென்னசியில் ஒருவர், அர்கான்ஸாவில் இரண்டு பேர் என்று எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். மேட்டின் சரிவு காரணமா, ஏரியின் வெப்பம் காரணமா என்று பெரிய வாக்குவாதம். ஒருவர் அதற்கு 'பிளம் ரிட்ஜ் அலை' என்று பெயரே வைத்துவிட்டார். என் முதுகுக்குப் பின்னால் சுவருக்கு அந்தப்பக்கம் உன் அத்தை போர்வைகளை முடித்து, திரைச்சீலைக்கு வந்து, மேஜைவிரிப்பை டிரையருக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அலைக்கும் ஒரு கூடை துணி. பர்டெட் போன் செய்தபோது, "தாராளமா நடத்துங்க, ஐஸுக்கு வழியே இல்லை" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

மத்தியானம் ஊரே கூடிவிட்டது. மழை தூறிக்கொண்டிருந்தது. முதல் கிண்ணம் சில்லி சாப்பிட்டு முடிப்பதற்குள் மார்வெல்லா ஜன்னலோரம் போய் நின்றாள்.

"வெண்டெல், கொடிக்கம்பம் பளபளங்குது."

"ஈரம்."

"மேப்பிள் மரக் கிளை தொங்குது."

"வயசான மரம்."

"உன் போன்ல கருவி என்ன காட்டுது?"

"முப்பத்தேழு," என்று நீட்டினேன். "கருவி பொய் சொல்லாது. மரத்துலதான் ஏதோ கோளாறு."

"வாசல்ல மூணு பேர் விழுந்து கிடக்காங்கப்பா," என்றான் டப். "அவங்களுக்கும் கோளாறா?"

விழுந்தவர்கள் யாருக்கும் அடியில்லை, சிரித்துக்கொண்டே எழுந்து உள்ளே வந்துவிட்டார்கள். ஆனால் பர்டெட் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்தார். அதற்குமேல் எனக்கு அங்கே உட்காரமுடியவில்லை. நம் வீடு மேட்டுக்கு நேர் கீழேதானே, இறங்கிப்போய் என் கண்ணால் கருவியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். மார்வெல்லா கதவு வரைக்கும் வந்து, "வேணாம்ப்பா" என்றாள். சொல்லிக்கொண்டே போனை எடுத்துப் படம்பிடிக்கவும் ஆரம்பித்தாள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

வீடியோவில் நான் விழுந்ததாக நீ சொல்கிறாய். நன்றாகப் பார். நான் விழவில்லை, முன்யோசனையோடு உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு மேடுதான் என்னை எடுத்துக்கொண்டு போனது. கல்லறைத் தோட்டத்து வேலியைக் கடந்து, மிஸஸ் லாஃபூனின் அஞ்சல்பெட்டியைக் கடந்து (ஜன்னலில் நின்றவளுக்குக் கையசைத்தேன், அவள் அசைக்கவில்லை), நம் கொல்லைக்குள் புகுந்து, பின்படிக்கட்டில் போய் நின்றேன். சுற்றிலும் எல்லாம் கண்ணாடி மாதிரி ஐஸ் பூசிக் கிடக்கிறது. புல்லு, வேலி, படி, எல்லாம். சுவரோரம் ஒரே ஒரு இடத்தில் மட்டும், ஒரு தட்டு அகலத்துக்கு, பச்சைப் புல் ஈரமாகப் புகைந்துகொண்டிருக்கிறது. அதற்கு மேலே குழாய். குழாய்க்கு ஒரு சாண் தள்ளி என் கருவி. என் முகத்தில் வெதுவெதுவென்று காற்று அடித்தது, அதில் லாவெண்டர் வாசனை. துணியோடு டிரையரில் போட உன் அம்மா வாங்கிவைத்த வாசனைத் தாள் பெட்டி அலமாரியில் இன்னும் பாதி இருந்திருக்கிறது, அக்கா எடுத்துப் போட்டிருக்கிறாள். லியான், நான் உடனே எழுந்திருக்கவில்லை. அடிபட்டதால் இல்லை. சனிக்கிழமை என்றால் இந்தக் கொல்லை முழுக்க இந்த வாசனைதான் இருக்கும், உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு அழுகை வந்தது, அழுதேன், கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

அப்போது பக்கத்தில் எங்கோ ஒரு பெரிய கிளை முறிந்தது. டிரையர் சத்தம் நின்றது. கருவியில் இருந்த முப்பத்தேழு என் கண்ணெதிரே இறங்கி, முப்பதில் போய் நின்றது. பிளம் ரிட்ஜ் அலை அத்தோடு ஓய்ந்தது.

அக்கா பின்கதவைத் திறந்தாள். "நான் சொன்னேன்ல, கரண்டு போயிரும்னு. அங்க உக்காந்து என்னடா பண்றே?"

"உலகத்துக்கு என்ன பதில் சொல்றதுன்னு யோசிக்கிறேன்க்கா."

"உள்ள வந்து யோசி. கடைசிக் கூடை பாதி ஈரமாவே நின்னுபோச்சு."

வீட்டில் கரண்டு இல்லை, கணப்பு இல்லை. மேட்டில் தீயணைப்பு நிலையத்தில் ஜெனரேட்டர் இருக்கிறது, ஆனால் ஏறுவது எப்படி? அரை மணிநேரத்தில் தெருவில் ஜல் ஜல் என்று சத்தம் கேட்டது. போன மாதம் மாட்டிய சங்கிலியைக் கழற்ற டப்புக்குச் சோம்பேறித்தனம். அந்தச் சோம்பேறித்தனத்தை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும், அன்றைக்கு ஊரில் ஓடிய ஒரே வண்டி அதுதான். ஆனால் அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இந்த வண்டியில நான் ஒரே ஒரு தடவைதான் போவேன். அதுக்கு இன்னும் நாள் இருக்கு."

"முன்சீட்டுல உக்காருங்கம்மா," என்றான் டப். "முன்சீட்டுல வந்தவங்க எல்லாரும் திரும்பிப் போயிருக்காங்க."

முன்சீட்டு அக்காவுக்குப் போய்விட்டதால் எனக்குப் பின்னால்தான் இடம். அங்கே உட்கார முடியாது, தலை இடிக்கும். துவைத்த போர்வை, விரிப்பு எல்லாவற்றையும் அடுக்கி அதன்மேல் படுத்துக்கொண்டேன். ஜன்னல் வழியாக மிஸஸ் லாஃபூன் பார்த்தது இதைத்தான். அவள் மார்பில் கைவைத்துத் தலைகுனிந்தாள். சும்மா போகக்கூடாதே என்று நான் மறுபடி கையசைத்தேன். அதைப் பார்த்து அவள் கத்தினதுதான் தெரு முழுக்கக் கேட்டதாம்.

தீயணைப்பு நிலையத்துக்குள் நுழைந்தபோது பர்டெட் என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். "அண்ணே, நீங்க ஐஸ் வரும்னு சொல்லியிருந்தா இவங்க எல்லாரும் இன்னைக்கு அவங்கவங்க வீட்டுல, இருட்டுல, குளிர்ல தனித்தனியா கிடந்திருப்பாங்க. அதுல பாதிப் பேர் தனியா இருக்கிற கிழடுங்க. இப்போ எல்லாரும் ஒரே இடத்துல, சூடா, சாப்பாட்டோட இருக்காங்க. ஆனா தயவு பண்ணி இனிமே என்கிட்ட வானிலை மட்டும் பேசாதீங்க" என்றார். ஞாயிறு மத்தியானம் வரைக்கும் ஊர் மொத்தமும் அங்கேயே இருந்தது. சில்லி தீரவில்லை. உன் அத்தை துவைத்த போர்வைதான் எல்லாருக்கும் விரித்துப் போர்த்தினது. பள்ளிக்கூட நாளிலிருந்து பேசாமல் இருந்த இரண்டு குடும்பங்கள் சீட்டாடிச் சண்டை போட்டுச் சமாதானம் ஆயின. யாருக்கும் ஒரு சிராய்ப்பு இல்லை. கனடா மாடல் சொன்னது அப்படியே பலித்ததில் மார்வெல்லா தரையிலேயே நடக்கவில்லை. சட்டத்தில் இதற்கு இடமில்லாவிட்டாலும் தொப்பி எனக்குத்தான் என்று மூன்று பேரும் கூடித் தீர்ப்பாயிற்று, நானும் கைதூக்கினேன். இதை எழுதும்போதும் அது தலையில்தான் இருக்கிறது.

ஆகவே மகளே, யோசித்துப் பார். ஏணிச் சத்தியம் நீ வாங்கினது. அத்தையை அனுப்பினது நீ. நான் செய்ததெல்லாம் கருவி காட்டியதைப் படித்தது மட்டும்தான். கருவி மறுபடி கம்பத்துக்குப் போய்விட்டது, டப் ஏறி மாட்டினான், நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன், சத்தியம் பங்கமில்லை. அந்த டிரையரை இப்போது நானே போடுகிறேன். நேற்று இரண்டு கூடை போட்டேன்.

யூமா எனக்கு வேண்டாம். கோபித்துக்கொள்ளாதே, ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தப் பாலைவனத்தில் தினமும் வெயில். நாளைக்கும் வெயில். மூன்று மாடலையும் எடுத்துப் பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி கொட்டாவி விடுகின்றன. அங்கே உட்கார்ந்து நான் எதை ஒப்பிட்டுப் பார்ப்பது, யாரோடு சண்டை போடுவது? இத்தனை வருஷமாக நீ கூப்பிட்டும் ஒரு தடவைகூட நான் வராததற்குக் காரணம் வேலை இல்லை, முதுகுவலி இல்லை. வந்தால் திரும்ப அனுப்பமாட்டாய் என்ற பயம்தான். உன்னையும் இசெலாவையும் பார்க்காமல் இருப்பது எனக்கு லேசு என்று நினைக்காதே. ஞாயிற்றுக்கிழமை போனில் அவள், "தாத்தா, ஸ்னோ விழும்போது சத்தம் கேக்குமா?" என்றாள். நான் போனை அத்தையிடம் கொடுத்துவிட்டேன். அதைப் போனில் சொல்லிப் புரியவைக்க முடியாது. பக்கத்தில் நின்று கேட்கவேண்டும். ஆனாலும் என் முடிவு முடிவுதான். இந்த வீட்டை விட்டு நான் ஓர் அடி நகர்வதாக இல்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. இசெலாவின் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம். உங்கள் கூரையையும் அதன் கீழே இருக்கிற எல்லாரையும் ஆண்டவர் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள அப்பா,
வெண்டெல் பக்னர்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடப்போகும்போது டப் கூப்பிட்டான். போனோம். புதுப் படத்தில் யூமாவுக்கு மேலே நகம் அகலத்துக்கு ஒரு நீலப்புள்ளி. பனி. மூன்று மாடலிலும் இருக்கிறது. இந்த மூன்றும் ஒத்துப்போய் நாங்கள் பார்த்ததே இல்லை. பத்து நாள் தள்ளி இருக்கிறது. தெரியும், நீ ஒன்றும் சொல்லவேண்டாம். சட்டப்படி இப்போது மூன்று பேரும் தொப்பி போட வேண்டும், இருப்பது ஒன்றுதான், முறைவைத்துப் போட்டுக்கொள்கிறோம். நாளைக் காலை கிளம்புகிறோம். நீளமான வண்டி, ஒருவர் ஓட்டும்போது இன்னொருவர் பின்னால் காலை நீட்டிப் படுக்கலாம் என்பதால் டப்பின் ஊர்திதான். அக்கா முன்சீட்டில். கடிதத்துக்கு முன்னால் நாங்களே வந்து சேர்ந்துவிட்டால், வாசலில் அமரர் ஊர்தி நிற்கிறதே என்று பதறாதே, பின்கதவைத் திறந்து இறங்குவது நான்தான், உயிரோடுதான். இசெலாவிடம் மட்டும் சொல்லிவிடாதே, முன்கூட்டிச் சொன்னால் பனி வராது. அன்றைக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, அவசரமில்லை. யூமாவில் பனி விழுந்து, அவள் அதைக் காதால் கேட்கிறவரைக்கும் உன் வீட்டிலேயே இருந்து பார்த்துவிட்டுத்தான் நான் ஊர் திரும்புவேன்.